மன்னிக்கும் வரியில் வாய் அடைத்துப்போகிறவருக்கு

கேள்வி: அப்பா இறந்த பிறகு, சாதாரணச் சம்மதக் கடிதம் என்று சொல்லி என் அண்ணன் என்னிடம் கையெழுத்து வாங்கி, வீட்டைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை ஒரு வார்த்தைகூட வருத்தம் தெரிவிக்கவில்லை. ஜெபத்தில் அவரைப் பலமுறை மன்னித்துவிட்டேன். ஆனால் கண்ணை மூடினாலே கோபம் திரும்பி வருகிறது. அவர் கெட்டுப்போக வேண்டும் என்றுகூடத் தோன்றுகிறது. ஆராதனையில் பரமண்டல ஜெபம் சொல்லும்போது, 'எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல' என்ற இடம் வந்ததும் வாயை மூடிக்கொள்கிறேன். பொய் சொல்ல மனமில்லை. நான் மன்னிக்காவிட்டால் தேவனும் என்னை மன்னிக்கமாட்டாரா? 'சோதனைக்குட்படப்பண்ணாமல்' என்று கேட்டும் ஏன் இந்த நினைவுகள் வருகின்றன? சோதிப்பது தேவன்தானா? அண்ணனிடமே போய் 'உன்னை மன்னித்துவிட்டேன்' என்று சொன்னால் இது தீருமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

அந்த வரியில் மௌனமாகிறவர்கள் ஆதிச்சபையிலேயே இருந்தார்கள். சபையார் எல்லோரும் சேர்ந்து இந்த ஜெபத்தைச் சொல்லும்போது சிலர் இந்த இடத்தை மட்டும் சத்தமில்லாமல் தாண்டிவிடுகிறார்கள் என்று ஐந்தாம் நூற்றாண்டுத் துறவி யோவான் கசியான் எழுதியிருக்கிறார். தங்கள் வாயாலேயே தங்களைக் குற்றவாளியாக்கிக்கொள்ளக் கூடாது என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கு நியாயாதிபதியான தேவனிடம் செல்லாது என்று கசியான் கண்டிக்கிறார். நீங்கள் மௌனமாவது தப்பித்துக்கொள்ள அல்ல, பொய் சொல்லக் கூடாது என்பதற்காக. அந்த நேர்மையை மதிக்கிறோம். இருந்தாலும் வரும் ஞாயிறு முதல் அந்த வரியை வாய்விட்டுச் சொல்லுங்கள் என்பதுதான் எங்கள் பதில். ஏன் என்று சொல்கிறோம்.

உங்கள் கடிதத்தில் ஒரு முடிச்சு இருக்கிறது. கோபம் திரும்பி வருவதை, மன்னிக்கவில்லை என்பதற்கு அத்தாட்சியாக எடுத்துக்கொள்கிறீர்கள். மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் 12ஆம் வசனம் மன்னிப்பைக் கேட்கிறது. 13ஆம் வசனம் சோதனையிலிருந்து காக்கக் கேட்கிறது. இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. மன்னிப்பதாகத் தீர்மானித்தது 12ஆம் வசனத்தோடு சேர்ந்தது. தீர்மானித்த பிறகும் நெஞ்சில் எழும்புகிற எரிச்சல் 13ஆம் வசனத்தோடு சேர்ந்தது. இதைப் பிரித்துப் பார்க்காததால்தான், ஒவ்வொரு முறை கோபம் வரும்போதும் பழைய மன்னிப்பு செல்லாது என்று கிழித்துப்போட்டு, முதலிலிருந்து மன்னிக்கத் தொடங்குகிறீர்கள். நான்கு ஆண்டுகளாக நீங்கள் களைத்துப்போயிருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம் என்று நினைக்கிறோம்.

புண்பட்டதை உணராமல் இருப்பதும் மறந்துவிடுவதும் நம் கையில் இல்லை என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், இந்த வரியை விளக்கும் 2843ஆம் பத்தியில், ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது. நீங்கள் எந்தச் சபையைச் சேர்ந்தவராக இருந்தாலும் இதைப் பிடித்துக்கொள்ளலாம். மறப்பதை வேதம் நம்மிடம் கேட்கவில்லை.

அப்படியானால் அதே அதிகாரத்தின் 14, 15ஆம் வசனங்கள்? நீங்கள் மன்னியாதிருந்தால் உங்கள் பிதாவும் மன்னியாதிருப்பார் என்கிறாரே இயேசு? இதை மென்மையாக்கிச் சொல்ல எங்களுக்கு உரிமையில்லை. ஆனால் அவரே மத்தேயு 18இல் சொன்ன உவமையோடு சேர்த்துத்தான் இதைப் படிக்க வேண்டும். ஊழியக்காரன் ராஜாவுக்குப் பட்ட கடன் பதினாயிரம் தாலந்து. ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. ஆக, 6 கோடி நாள் கூலி. யாராலும் அடைக்க முடியாத தொகை. உடன் வேலைக்காரன் அவனுக்குத் தர வேண்டியது நூறு வெள்ளிப்பணம். அதாவது மூன்று மாதத்துக்கும் மேலான உழைப்பு. பிரசங்கங்களில் இதை 'அற்பத்தொகை' என்று சொல்லிவிடுகிறார்கள், அது சரியல்ல. உங்கள் வீட்டுப்பங்கு அற்பமல்ல. இயேசுவும் அப்படிச் சொல்லவில்லை. பெரிய கடன் முதலில் தள்ளுபடியாகிறது, அதற்குப் பிறகே அவன் நடத்தை சோதிக்கப்படுகிறது என்பதுதான் கவனிக்க வேண்டிய வரிசை. நம் மன்னிப்பைக் கொடுத்துத் தேவனுடைய மன்னிப்பை வாங்குவதில்லை. அந்த ஊழியக்காரன் தண்டிக்கப்பட்டது மனதில் வருத்தம் மிச்சமிருந்ததற்காகவா? இல்லை. உடன் வேலைக்காரனின் தொண்டையைப் பிடித்தான், கெஞ்சியும் சம்மதிக்கவில்லை, சிறையில் போட்டான். மன்னிக்கமாட்டேன் என்று மறுப்பவனைப் பற்றிய எச்சரிக்கை அது. மன்னிக்கத் தவிக்கிற உங்களைப் பற்றியது அல்ல. 'மனப்பூர்வமாய்' என்று 35ஆம் வசனம் சொல்வதும் உண்மையே. அந்த மனப்பூர்வத்துக்கு வளரக் காலம் பிடிக்கும். அதற்காகவும் ஜெபிக்கலாம்.

இனி, சோதிப்பது தேவன்தானா என்ற கேள்வி. யாக்கோபு 1:13 நேரடியாகப் பதில் சொல்கிறது: 'தேவன் பொல்லாங்கினால் சோதிக்கப்படுகிறவரல்ல, ஒருவனையும் அவர் சோதிக்கிறவருமல்ல.' ஆதியாகமம் 22இல் தேவன் ஆபிரகாமைச் சோதித்தார் என்று வருகிறதே என்றால், அது விசுவாசம் வெளிப்படுவதற்கான பரீட்சை. பாவத்தில் விழவைக்கும் தூண்டுதல் அல்ல. சிலுவைக்கு முந்தின இரவில் கெத்செமனே தோட்டத்தில் இயேசு சீஷரிடம், 'நீங்கள் சோதனைக்குட்படாதபடிக்கு விழித்திருந்து ஜெபம்பண்ணுங்கள்' என்றார். அந்த இரவில் சோதனை வராமல் இருக்கவில்லை. அதற்குள் அகப்பட்டுப்போகாமல் இருப்பதே கேட்க வேண்டியதாக இருந்தது. கத்தோலிக்கர் தமிழில் 'எங்களைச் சோதனையில் விழவிடாதேயும்' என்று ஜெபிப்பதும் இதையேதான்.

இயேசுவும் சோதிக்கப்பட்டார், ஆனால் பாவமில்லாதவர் என்று எபிரெயர் 4:15 சொல்கிறது. சோதனை வந்ததே பாவமாகிவிடாது என்பதற்கு இதைவிட வேறு ஆதாரம் வேண்டாம். எங்கே பாவமாகிறது என்பதை ஆதிச்சபையின் ஆயர் அகுஸ்தீன் மூன்று படிகளாகப் பிரித்தார்: தூண்டுதல், அதில் இன்பம் காணுதல், இசைந்துபோதல். உங்கள் விஷயத்தில் வைத்துப் பாருங்கள். ஜெபத்தின் நடுவே அண்ணன் முகம் வந்து நெஞ்சு கொதிப்பது முதல் படி. அவர் தொழில் நொடித்து, ஊர் சிரித்து, உங்கள் வாசலில் வந்து நிற்பதாக ஒரு காட்சியை மனதில் ஓட்டி, அதில் ஒரு சுகம் காண்பது இரண்டாம் படி. உறவினர் ஒருவருக்குப் போன் போட்டு அவர் பெயரைக் கெடுப்பது மூன்றாவது. முதல் படிக்கு மனம் வருந்த வேண்டியதில்லை. இரண்டாவதில்தான் உங்கள் போராட்டம் நடக்கிறது. அங்கேயே அதை நிறுத்தக் கற்றுக்கொண்டால் மூன்றாவது வராது.

எப்படி நிறுத்துவது? அந்த நினைவோடு வாக்குவாதம் செய்யாதீர்கள். 'நான் இப்படி நினைக்கக் கூடாது, அவர் என் அண்ணன்' என்று பதில் சொல்லத் தொடங்கினால், வழக்கு மறுபடியும் விசாரணைக்கு வந்துவிடும். பழைய சாட்சியங்கள் எல்லாம் வரிசையாக வரும். ஒரே ஒரு சிறிய ஜெபம் போதும். நாம் மேலே சொன்ன கசியான் துறவிகளுக்குக் கற்பித்தது சங்கீதம் 70இன் முதல் வசனம்: 'தேவனே, என்னை விடுவியும், கர்த்தாவே, எனக்குச் சகாயஞ்செய்யத் தீவிரியும்.' இதை ஒருமுறை சொல்லிவிட்டு, ஜெபத்தில் எந்த இடத்தில் விட்டீர்களோ அங்கிருந்தே தொடருங்கள். ஆரம்பத்திலிருந்து திரும்பச் சொல்ல வேண்டாம். அது ஒரு தண்டனை போலாகி, ஜெபமே கசந்துபோகும். ஒரே ஜெபத்தில் பத்துமுறை நினைவு வந்தால் பத்துமுறையும் இதையே செய்யுங்கள். ஏழெழுபதுதரம் மன்னிக்க வேண்டும் என்று இயேசு பேதுருவுக்குச் சொன்ன கணக்கு, ஒரே குற்றம் பலமுறை நினைவுக்கு வரும்போதும் பொருந்தும் என்றே நாங்கள் எண்ணுகிறோம்.

அவர் கெட்டுப்போக வேண்டும் என்ற எண்ணத்தை மறைக்காதீர்கள். சங்கீதம் 109ஐத் திறந்து பாருங்கள்: சத்துருவின் பிள்ளைகள் பிச்சையெடுக்க வேண்டும் என்றுகூட அங்கே கேட்கப்படுகிறது. அப்படிப்பட்ட வார்த்தைகளும் வேதத்தில் ஜெபமாகவே நிற்கின்றன. தேவனிடம் முகத்துக்கு நேராகச் சொல்லும்போது தீர்ப்பு அவர் கைக்குப் போகிறது. தனியாக மனதுக்குள் மென்றுகொண்டிருந்தால் அது நம்மிடமே தங்கிப் புளிக்கிறது.

மன்னிப்புத் தீர்மானத்தையும் ஒருமுறை சரியாகச் செய்துவிடுங்கள். 'அண்ணன் செய்த எல்லாவற்றையும் மன்னிக்கிறேன்' என்று மொத்தமாகச் சொல்லியிருப்பீர்கள். மொத்தமாகச் சொன்ன மன்னிப்பு, பிறகு ஒரு சில்லறை விவரம் ஞாபகம் வந்ததும் ஆட்டம் கண்டுவிடும். பகலில் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். தூங்கப் போகும் முன் வேண்டாம், இரவெல்லாம் அதுவே ஓடும். ஒரு தாளில் கடனை இனம் இனமாக எழுதுங்கள். வீட்டுப்பங்கு ஒன்று. பொய் சொல்லிக் கையெழுத்து வாங்கியது இன்னொன்று. அம்மா முன்னால் உங்களைப் பேராசைக்காரி என்று சொல்லியிருந்தால் அது தனி. நான்கு ஆண்டு மௌனம் தனி. பலருக்கு, பணத்தைவிடக் கீழே எழுதிய ஏதோ ஒரு வரிதான் உண்மையில் வலித்துக்கொண்டிருந்தது என்று இங்கேதான் தெரியவரும். பிறகு ஒவ்வொன்றாக வாசித்து, 'இதற்குப் பழிவாங்கும் உரிமையை உம்மிடம் ஒப்படைக்கிறேன்' என்று சொல்லுங்கள். 'பழிவாங்குதல் எனக்குரியது, நானே பதிற்செய்வேன்' என்ற ரோமர் 12:19தான் இதற்கு அடிப்படை. ஏதாவது ஒரு வரியைச் சொல்ல முடியவில்லையா? 'இதை இன்னும் என்னால் விட முடியவில்லை, விடும் மனதைத் தாரும்' என்று சொல்லி, அந்த வரியை மட்டும் அடுத்த வாரத்துக்கு வையுங்கள். தாளை யாருக்கும் காட்டாதீர்கள். முடிந்ததும் கிழித்துவிடுங்கள்.

அன்று முதல் அவருக்காகத் தினமும் ஒரே ஒரு வாக்கியம் ஜெபியுங்கள். 'அவரைத் திருத்தும், அவர் கண்களைத் திறந்தருளும்' என்று தொடங்கினால் அது ஜெப உருவில் வந்த புகார். இரண்டாம் நிமிடத்திலேயே சூடேறிவிடும். அவருடைய உடல்நலத்துக்காக, பிள்ளைகளின் படிப்புக்காக, உங்களுக்குச் சம்பந்தமில்லாத ஒரு நன்மையைக் கேளுங்கள். உணர்ச்சியில்லாமல் சொன்னாலும் பரவாயில்லை.

'சோதனைக்குட்படப்பண்ணாமல்' என்று கேட்டுவிட்டு, நாமே அதன் வாசலில் போய் நிற்பதும் நடக்கிறது. 1 கொரிந்தியர் 10:13, சோதனையோடுகூடத் தப்பிக்கொள்ளும் போக்கையும் தேவன் உண்டாக்குவார் என்கிறது. அந்தப் போக்கு பெரும்பாலும் மிகச் சாதாரணமாக இருக்கும்: இரவில் பழைய குறுஞ்செய்திகளைத் திறந்து வாசிக்காமல் இருப்பது, அவர் வீட்டுச் செய்தி கொண்டுவருகிற உறவினரிடம் 'அதைப் பற்றி வேண்டாம்' என்று சொல்வது. ஒரு வாரம் கவனித்தால் கோபம் எந்த நேரத்தில், எதைப் பார்த்த பிறகு வருகிறது என்பது பிடிபட்டுவிடும். மன்னிப்பைச் சொல்லும் இடத்தில் பவுல், 'சாத்தானாலே நாம் மோசம்போகாதபடிக்கு' என்று காரணம் தருகிறார் (2 கொரிந்தியர் 2:11). மன்னியாமையே ஒரு சோதனை என்று அவர் அறிந்திருந்தார். தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால் மருத்துவரையும் பாருங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது.

வீட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். மன்னித்ததால் பங்கைக் கேட்கக் கூடாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வரி வசூலித்துவந்த சகேயு, இயேசுவைச் சந்தித்து மனந்திரும்பியபோது, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்றான். திருப்பிக் கொடுப்பது மனந்திரும்புதலில் சேர்ந்தது. சகோதரர் நீதிமன்றம் போவதைப் பவுல் 1 கொரிந்தியர் 6இல் கண்டிப்பதால், முதலில் இருவரும் மதிக்கிற சபைப் பெரியவர் ஒருவரை நடுவில் வைத்துப் பேசிப் பாருங்கள். அநியாயத்தைச் சகித்துக்கொள்வது மேல் என்றும் பவுல் சொல்கிறார். அந்த வழியைத் தேர்ந்துகொள்ள உங்களுக்கு உரிமை உண்டு, அதை மற்றவர்கள் உங்கள்மேல் சுமத்த முடியாது. வழக்குகளுக்குக் காலவரம்பு உண்டு என்பதால் வழக்கறிஞர் ஒருவரிடம் தாமதிக்காமல் ஆலோசனை கேளுங்கள். செய்திகளை வாசிக்க வேண்டாம் என்றோமே தவிர, ஆவணங்களை அழிக்கச் சொல்லவில்லை. நீதியைத் தேடுகிறீர்களா, பழியைத் தேடுகிறீர்களா என்று அறிய உங்களையே இப்படிக் கேளுங்கள்: என் பங்கு எனக்கு வந்து, அண்ணனும் நன்றாக வாழ்ந்தால் எனக்குச் சம்மதமா?

கடைசிக் கேள்வி. அவரிடம் போய் 'மன்னித்துவிட்டேன்' என்று சொல்ல வேண்டாம். தவறை ஒப்புக்கொள்ளாதவர் காதில் அது குற்றச்சாட்டாகவே விழும், புதுச்சண்டை கிளம்பும். மாற்கு 11:25 சொல்கிற மன்னிப்பு, நின்று ஜெபிக்கும்போதே தேவனுக்கு முன் நடப்பது. எதிராளி அங்கே இருக்க வேண்டியதில்லை. லூக்கா 17:3 சொல்வது, கடிந்துகொண்டு, அவர் மனஸ்தாபப்பட்டால் மன்னிப்பது. முதலாவதை நீங்கள் இன்றே செய்யலாம். இரண்டாவதற்கு அவர் ஒத்துழைப்பு வேண்டும். யோசேப்பும் தன்னை விற்றுப்போட்ட சகோதரரைக் கண்டவுடன் கட்டிக்கொள்ளவில்லை. அவர்கள் மாறியிருக்கிறார்களா என்று பார்த்த பிறகுதான் தன்னை வெளிப்படுத்தினான். மத்தேயு 18:15இன்படி தனியாக ஒருமுறை பேச முடியுமானால், மன்னிப்பைப் பற்றி எடுக்காமல், 'நீங்கள் வாங்கிய கையெழுத்து இன்னதுக்கு என்று என்னிடம் சொல்லவில்லை, அது தவறு' என்று நடந்ததை மட்டும் சொல்லுங்கள், அண்ணன் என்ற மரியாதை குறையாமல். அவர் மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். அடுத்து என்ன செய்வது என்பதை அந்தப் பெரியவரிடம் பேசி முடிவெடுங்கள்.