கேடயமும் துடுப்பும்: கிரேக்க நகர அரசுகள் பற்றிக் கேள்வி பதில்

பழைய கிரேக்கத்தைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னதுதான் தாமதம், பாதிக்கு மேல் ஸ்பார்ட்டாவைப் பற்றியே கேட்டிருக்கிறீர்கள். எதிர்பார்த்ததுதான். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். கீழே வரும் ஆண்டுகள் எல்லாம் கி.மு.; கி.பி. வருகிற இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: அண்ணா, தெர்மோபிலேயில் நின்றது உண்மையிலேயே 300 பேர்தானா?

ஸ்பார்ட்டாவிலிருந்து மன்னர் லியோனிடாஸ் கூட்டிவந்தது 300 பேர், அது சரி. ஆனால் 480இல் பாரசீகப் படையைத் தடுக்க அந்தக் கணவாயில் நின்ற படையை வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் ஊர் ஊராக எண்ணிக் காட்டுகிறார். பெலொப்பொனீஸ் என்ற தென்கிரேக்கப் பகுதியிலிருந்து 3,100 பேர் (அந்த 300 பேரும் இதில் அடக்கம்), தெஸ்பியாய் என்ற சின்ன ஊரிலிருந்து 700, தீப்ஸிலிருந்து 400, ஃபோக்கிஸிலிருந்து 1,000. அந்தப் பக்கத்து லோக்ரியர்கள் தனி.

மலைப்பாதை வழியாகப் பாரசீகர்கள் பின்பக்கம் வந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் பெரும்பாலோர் கிளம்பிவிட்டார்கள். போகமாட்டோம் என்று தாங்களாகவே நின்றவர்கள் தெஸ்பியர்கள். எழுநூறு பேரும் திரும்பவில்லை. தீப்ஸ்காரர்களை லியோனிடாஸ் வலுக்கட்டாயமாக நிறுத்திவைத்தார், கடைசியில் அவர்கள் சரணடைந்தார்கள் என்கிறார் ஹெரோடோட்டஸ். அவருக்குத் தீப்ஸ் மேல் பெரிய பிரியம் கிடையாது, கொஞ்சம் கழித்துக்கொண்டு படியுங்கள். ஸ்பார்ட்டன்களோடு வந்த ஹெலட்டுகளும் (ஸ்பார்ட்டாவுக்காக நிலத்தை உழுத அடிமைகள்) அங்கே பிணமாகக் கிடந்தார்கள். அவர்களை ‘300’ படத்தில் காட்டமாட்டார்கள். வெற்று மார்போடு சண்டை போட்டார்களா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். இல்லை.

கேள்வி: கேடயத்தைச் சேர்த்துப் பிடித்து நிற்பார்களே, அந்த அணியில் சண்டை எப்படி நடக்கும்? ஒருவரை ஒருவர் தள்ளுவதுதானா?

அந்த வீரனுக்கு ஹாப்லைட் என்று பெயர், அணிக்கு ஃபாலன்க்ஸ். வட்டக் கேடயம் ஏறத்தாழ 90 செ.மீ. அகலம், ஆறேழு கிலோ கனம். நடுவில் உள்ள பட்டைக்குள் முன்கையை நுழைத்து, ஓரத்தில் இருக்கும் பிடியை விரலால் பற்ற வேண்டும். அப்படிப் பிடிக்கும்போது கேடயத்தின் இடப்பாதி உங்கள் உடம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். உங்கள் வலப்பக்கம் திறந்து கிடக்கும். வலப்பக்கத்து ஆளின் கேடயம்தான் அதை மூட வேண்டும்.

இதனால் ஒரு வேடிக்கை நடக்கும். 418இல் மாண்டினியா போரை விவரிக்கும்போது வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ் சொல்கிறார்: ஒவ்வொருவனும் பயத்தில் வலப்பக்கத்து ஆளின் கேடயத்துக்குள் ஒதுங்கப் பார்ப்பான், வலக்கோடியில் நிற்பவன் தன் திறந்த பக்கத்தை எதிரியிடமிருந்து விலக்கப் பார்ப்பான், மொத்தப் படையும் நடக்க நடக்க வலதுபக்கமாகச் சாய்ந்துகொண்டே போகும். எதிரிப் படையும் அப்படித்தான். ஸ்பார்ட்டன்கள் மட்டும் குழலோசைக்குக் காலடி வைத்து நிதானமாக வருவார்கள், அணி குலையக் கூடாது என்பதற்காக.

பின்வரிசைக்காரர்கள் முன்வரிசையை உடம்பால் முட்டித் தள்ளினார்களா, அல்லது ‘தள்ளுதல்’ என்பது எதிரி பின்வாங்கினான் என்பதற்கான பேச்சுவழக்கா என்று ஆய்வாளர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். முழு நேரமும் முட்டல் என்பதை நான் நம்பவில்லை. எட்டு அடி ஈட்டியைத் தூக்கிவந்ததே தள்ளி நின்று குத்தத்தான்.

என் கண்ணுக்குப் பெரிதாகப் படுவது வேறு. இந்தக் கேடயம், வெண்கலத் தலைக்கவசம், கால்கவசம் எல்லாம் அவனவன் சொந்தக் காசில் வாங்குவது. வாங்கும் வசதி உள்ள விவசாயி வரிசையில் நிற்பான், ஊர்ச் சபையிலும் அவன் பேச்சு எடுபடும். வாங்க முடியாதவனுக்கு இரண்டு இடத்திலும் மதிப்பு குறைவு. கிரேக்க அரசியலில் பாதி இந்தக் கணக்குதான்.

கேள்வி: கப்பலில் துடுப்புப் போட்டவர்கள் சங்கிலியில் கட்டிய அடிமைகள்தானே சார்?

சினிமா செய்த வேலை. ஏதென்ஸின் ட்ரைரீம் போர்க்கப்பலில் மூன்று அடுக்காக 170 பேர் துடுப்புப் போடுவார்கள், மற்றவர்களையும் சேர்த்தால் 200 பேர். துடுப்புப் பிடித்தவர்களில் பெரும்பங்கு ஏழைக் குடிமக்களும், ஏதென்ஸில் தங்கிப் பிழைத்த வெளியூர்க்காரர்களும், கூலிக்கு வந்தவர்களும். அடிமைகளும் சில சமயம் இருந்தார்கள். 406இல் ஸ்பார்ட்டாவோடு நடந்த அர்கினுசே கடற்போருக்கு ஆள் பற்றாமல் ஏராளமான அடிமைகளை ஏற்றி, பிறகு விடுதலை கொடுத்தார்கள். ஆனால் சங்கிலி கிடையாது. துடுப்புக்காரன் தன் துடுப்பையும், தோல்வாரையும், உட்காரும் மெத்தையையும் தானே சுமந்து வருவான். 429இல் ஸ்பார்ட்டா தலைமையிலான பெலொப்பொனீஸ் படை ஏதென்ஸின் துறைமுகத்தைத் திடீரென்று தாக்கக் கிளம்பியபோது, ஆளுக்கொரு மெத்தையும் துடுப்புமாகக் கொரிந்தியிலிருந்து மெகாராவுக்கு நடந்தே போனார்கள். அந்த ஊர்வலத்தைக் கற்பனை செய்து பாருங்கள்.

கூலி? 415இல் சிசிலிப் படையெடுப்புக்கு 60 கப்பலுக்கு மாதம் 60 டாலண்ட் வெள்ளி. ஒரு டாலண்ட் என்பது 6,000 டிராக்மா. 200 பேர், 30 நாள் என்று வகுத்தால் ஆளுக்குத் தினம் ஒரு டிராக்மா.

கேள்வி: அப்படியானால் கடற்படைதான் மக்களாட்சியைக் கொண்டுவந்தது என்று சொல்லலாமா?

சொல்கிறார்கள், ஆனால் தேதி இடிக்கிறது. கிளெய்ஸ்தனீஸ் ஏதென்ஸைப் பத்துக் குலங்களாகப் பிரித்துப் புதிய அமைப்பைக் கொண்டுவந்தது 508இல். லாரியன் சுரங்கத்து வெள்ளியை ஆளுக்குக் கொஞ்சம் பங்கு போடாமல் கப்பல் கட்டுவோம் என்று ஏதென்ஸ் தலைவர் தெமிஸ்டோக்ளீஸ் மக்களைச் சம்மதிக்கவைத்தது 483 வாக்கில். மக்களாட்சி முதலில், கப்பல் பிறகு. கப்பல் செய்தது என்னவென்றால், கேடயம் வாங்க முடியாதவனை ஊருக்கு இன்றியமையாதவனாக்கியது. மக்களாட்சி பிடிக்காத ஓர் ஏதென்ஸ்காரரின் சிறுநூல் இன்றும் கிடைக்கிறது. ஏழைகள் கொழிப்பதைக் கண்டு எரிச்சல்படும் அந்த மனிதரே, ‘கப்பலைச் செலுத்துகிறவர்கள் அவர்கள்தானே, அதனால் நியாயம்தான்’ என்று ஒப்புக்கொள்கிறார். எதிராளி வாயிலிருந்து வருவதால் இதற்குக் கூடுதல் எடை.

கேள்வி: சீட்டுக் குலுக்கிப் பதவி கொடுத்தார்களாமே. விளங்குமா?

அவர்களைக் கேட்டால், தேர்தல் வைத்தால் பணக்காரனும் பேரெடுத்தவனும்தான் வருவான், அது எப்படி மக்களாட்சி என்று திருப்பிக் கேட்பார்கள். அரிஸ்டாட்டிலே அப்படித்தான் வகைப்படுத்துகிறார்: குலுக்கல் மக்களாட்சி, தேர்தல் சிலராட்சி. 500 பேர் கொண்ட சபைக்குக் குலத்துக்கு 50 பேர், குலுக்கலில். வாழ்நாளில் இரண்டு முறைக்கு மேல் கிடையாது. பதவிக்கு முன் தகுதி விசாரணை, முடிந்தபின் கணக்கு ஒப்படைப்பு. உயிர்போகிற விஷயத்தில் மட்டும் குலுக்கலை நம்பவில்லை: பத்துத் தளபதிகளும் தேர்தலில்தான், எத்தனை முறை வேண்டுமானாலும் நிற்கலாம். பெரிக்ளீஸ் தொடர்ந்து பதினைந்து ஆண்டு அந்தப் பதவியில் இருந்தது அப்படித்தான்.

கேள்வி: பானை ஓட்டில் பேர் எழுதி நாடு கடத்துவது?

அந்த ஓடுகளுக்கு ஆஸ்ட்ரகா என்று பெயர். 6,000 ஓடுகள் விழுந்தால் செல்லும். போகிறவர் பத்தாண்டு வெளியே, சொத்து அவருடையதே. ஏதென்ஸின் கோட்டைக்குன்றான அக்ரோபோலிஸின் வடசரிவில் ஒரு கிணற்றுக்குள் தெமிஸ்டோக்ளீஸ் பெயர் கீறிய ஏறக்குறைய 190 ஓடுகள் கிடைத்தன. கையெழுத்தைப் பார்த்தால் எழுதியவர்கள் பதினான்கு பேர்தான். யாரோ உட்கார்ந்து எழுதி, வாக்களிக்க வருகிறவர்களுக்குக் கொடுக்கத் தயார்செய்திருக்கிறார்கள். பூத் ஏஜென்ட் அன்றைக்கும் இருந்தார்.

கேள்வி: ஆயிரக்கணக்கான பேர் கூடிக் கையைத் தூக்கிப் போர் முடிவு எடுத்தால் ஆபத்து இல்லையா?

ஆபத்துதான். 427ஐப் பாருங்கள். லெஸ்போஸ் தீவில் மிட்டிலீன் நகரம் ஏதென்ஸுக்கு எதிராகக் கிளம்பித் தோற்றது. வயதுவந்த ஆண்கள் அத்தனை பேரையும் கொல், பெண்களையும் குழந்தைகளையும் விற்றுவிடு என்று சபை முடிவெடுத்து, அன்றே ஒரு கப்பலை ஆணையோடு அனுப்பிவிட்டது. விடிந்ததும் மனம் உறுத்தியது. மறுநாள் மறுபடி சபை. கொல்லத்தான் வேண்டும் என்று கிளியோன், எதிர்த்து டியோடோட்டஸ். டியோடோட்டஸ் இரக்கம் காட்டுங்கள் என்று கேட்கவில்லை, கொன்றால் நமக்கு என்ன லாபம் என்று மட்டும் பேசினார். மயிரிழையில் அவர் பக்கம் ஜெயித்தது.

ஆனால் முதல் கப்பல் ஒரு பகலும் ஓர் இரவும் முன்னால் போய்க்கொண்டிருந்தது. இரண்டாவது கப்பலை அவசரமாகக் கிளப்பினார்கள். முந்திப் போனால் வெகுமதி என்று மிட்டிலீன் தூதர்கள் வாற்கோதுமை மாவும் மதுவும் ஏற்றிவிட்டார்கள். துடுப்புக்காரர்கள் கையை நிறுத்தாமலே மதுவிலும் எண்ணெயிலும் பிசைந்த மாவைத் தின்றார்கள், முறைவைத்துத் தூங்கினார்கள். எதிர்க்காற்று இல்லை. முதல் கப்பல்காரர்களோ அப்படியொரு வேலைக்கு அவசரம் காட்டவில்லை. தளபதி ஆணையைப் படித்து நிறைவேற்றக் கிளம்பும் நேரத்தில் இரண்டாவது கப்பல் துறைக்குள் நுழைந்தது.

இதோடு நிறுத்தினால் அழகான கதை. தூசிடிடீஸ் நிறுத்தவில்லை: கலகத்துக்குக் காரணம் என்று பிடித்த ஆயிரத்துக்கும் சற்று அதிகமானோர் எப்படியும் கொல்லப்பட்டார்கள். பதினோரு ஆண்டு கழித்து மெலோஸ் தீவுக்கு அதே தண்டனை, அப்போது இரண்டாவது கப்பல் எதுவும் போகவில்லை.

கேள்வி: ‘மக்கள்’ என்கிறீர்களே, யாரெல்லாம்? பெண்களுக்கு இடம் உண்டா?

ஏதென்ஸில் பெண்களுக்கும், எத்தனை தலைமுறை குடியிருந்தாலும் வெளியூர்க்காரருக்கும், அடிமைகளுக்கும் வாக்கு கிடையாது. தகப்பன், அண்ணன் தம்பி இல்லாத பெண்ணுக்குச் சொத்து வந்தால், தகப்பன் வழியில் நெருங்கிய உறவுக்காரன் அவளைக் கட்டிக்கொள்ள உரிமை கேட்கலாம். சொத்து வீட்டைவிட்டுப் போகக் கூடாது. சபையில் ஒழுங்கு காத்த சிதிய வில்லாளிகளே அரசின் அடிமைகள். சுதந்திரக் குடிமகனை அடிமை பிடித்துத் தள்ளும் ஊர் அது.

451இல் பெரிக்ளீஸ் ஒரு சட்டம் போட்டார்: தாயும் தகப்பனும் ஏதென்ஸ்காரராக இருந்தால்தான் பிள்ளை குடிமகன். பிறகு அவரே மிலெட்டஸ் ஊர் அஸ்பாசியாவோடு வாழ்ந்தார், மகன் பிறந்தான். கொள்ளைநோயில் மூத்த பிள்ளைகள் இருவரும் இறந்ததும், இந்த மகனுக்குக் குடியுரிமை கொடுங்கள் என்று தன் சட்டத்துக்கே விலக்குக் கேட்டு நிற்க வேண்டியதாயிற்று. கொடுத்தார்கள். அந்த மகனும் தளபதியானான். அர்கினுசேயில் ஜெயித்தும், கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றவில்லை என்று ஆறு தளபதிகளுக்கு ஒரே வாக்கெடுப்பில் மரண தண்டனை கொடுத்தார்களே, அந்த ஆறு பேரில் அவனும் ஒருவன். அன்று சபையை நடத்தும் குழுவில் குலுக்கலில் வந்திருந்த சாக்ரடீஸ், இது சட்டவிரோதம் என்று மறுத்தார். எடுபடவில்லை.

கேள்வி: ஸ்பார்ட்டாவில் நோஞ்சான் குழந்தைகளை மலையிலிருந்து எறிந்தது உண்மையா?

சொல்கிறவர் புளூட்டார்க் என்ற கிரேக்க எழுத்தாளர் ஒருவர்தான். அவர் எழுதியது கி.பி. 100 வாக்கில். எனக்கு நம்பிக்கை இல்லை.

கேள்வி: அவ்வளவு பெரிய போர்வீரர்கள் ஏன் ஒரேயடியாகச் சரிந்தார்கள் ஐயா?

ஸ்பார்ட்டனுக்கு வாழ்நாள் முழுக்கப் பயிற்சிக்கு நேரம் எப்படிக் கிடைத்தது என்று கேட்டால் இதற்கும் பதில் வந்துவிடும். நிலத்தை உழுதது ஹெலட்டுகள். அவர்களில் பெரும்பாலோர் பக்கத்து மெஸ்ஸீனியாவைச் சேர்ந்தவர்கள், சொந்த மண்ணிலேயே அடிமையாக்கப்பட்டவர்கள். ஆண்டுதோறும் பதவிக்கு வரும் எஃபர்கள் என்ற ஐந்து உயர் அதிகாரிகள் முதல் வேலையாக ஹெலட்டுகள் மேல் போர் அறிவிப்பார்கள், கொன்றால் பாவம் ஒட்டாது என்பதற்காக. வீட்டுக்குள் இப்படியொரு எதிரியை வைத்துக்கொண்டவர்களுக்குப் படையைத் தூரதேசம் அனுப்பவே பயம்.

இன்னொரு பக்கம், பொதுப்பந்திக்கு மாதாமாதம் மாவு, மது, பாலாடைக்கட்டி, அத்திப்பழம் என்று பங்கு கொடுக்க முடியாதவன் முழுக் குடியுரிமையை இழப்பான். நிலமோ சில குடும்பங்களிடம் போய்ச் சேர்ந்துகொண்டே இருந்தது. ஐந்தில் இரண்டு பங்கு பெண்கள் கையில் என்கிறார் அரிஸ்டாட்டில். (கிநிஸ்கா என்ற இளவரசி தன் தேர்க்குதிரைகளை அனுப்பி 396இலும் 392இலும் ஒலிம்பிக்கில் வென்றது அந்தச் செல்வத்தில்தான்.) 480இல் சுமார் 8,000 என்று சொல்லப்பட்ட ஸ்பார்ட்டன்களின் எண்ணிக்கை இப்படித் தேய்ந்தது. 371இல் லியூக்ட்ராவில் தீப்ஸின் எபமினோண்டாஸ் தன் இடது பக்கத்தை ஐம்பது வரிசை ஆழத்துக்கு அடுக்கி மோதியபோது அங்கே நின்ற ஸ்பார்ட்டன்கள் 700 பேர். விழுந்தது 400. மறு ஆண்டே அவர் உள்ளே புகுந்து மெஸ்ஸீனியாவை விடுவித்தார். உழுவதற்கு ஆள் போய்விட்டது, கதை முடிந்தது.

கேள்வி: நம் சங்கப் பாடல்களில் வரும் யவனர் இவர்கள்தானா?

சொல் இவர்களுடையது. ஐயோனியா என்ற கிரேக்கப் பகுதியின் பெயர் பாரசீகத்தில் யௌன ஆகி, கிழக்கே யவனம் ஆனது. ஆனால் மிளகு வாங்க வந்தவர்கள் ரோமப் பேரரசு காலத்து வணிகர்கள். அவர்களில் பலர் எகிப்திலிருந்து வந்த, கிரேக்கம் பேசியவர்கள். நகர அரசுகளின் காலம் அதற்கு முன்பே முடிந்திருந்தது.

கேள்வி: முதல் பதிலில் தெஸ்பியர்கள் என்றீர்களே, அந்த ஊருக்கு அப்புறம் என்ன ஆயிற்று?

கேட்க மாட்டீர்களா என்று இருந்தேன். தெர்மோபிலே விழுந்ததும் பாரசீகர்கள் தெஸ்பியாயைக் கொளுத்தினார்கள். மறு ஆண்டு பிளாட்டீயா போருக்கு மிச்சமிருந்த 1,800 பேர் வந்து சேர்ந்தார்கள், அவர்களிடம் ஹாப்லைட் ஆயுதம் இல்லை என்று குறித்துவைத்திருக்கிறார் ஹெரோடோட்டஸ். 424இல் டெலியத்தில் தீப்ஸ் பக்கம் நின்று ஏதென்ஸோடு மோதினார்கள். பக்கத்து அணிகள் ஓடிவிட, ஏதென்ஸ் படை தெஸ்பியர்களைச் சுற்றிவளைத்து வெட்டியது. சுற்றிவந்த வேகத்தில் ஏதென்ஸ்காரர்கள் ஒருவரை ஒருவர் அடையாளம் தெரியாமல் வெட்டிக்கொண்டதும் அங்கேதான். அந்தச் சாவுகளுக்குத் தீப்ஸ் செய்த கைம்மாறு, அடுத்த ஆண்டே, நீங்கள் ஏதென்ஸ் ஆதரவாளர்கள் என்று சொல்லித் தெஸ்பியாயின் மதிலை இடித்தது. ரொம்ப நாளாக இருந்த ஆசை, இளைஞர்கள் செத்துப்போனதால் இப்போது சுலபமாக முடிந்தது என்கிறார் தூசிடிடீஸ்.

தெர்மோபிலேயில் லியோனிடாஸுக்குக் கி.பி. 1955இல் வெண்கலச் சிலை வைத்தார்கள். அதற்குப் பக்கத்தில் தெஸ்பியர்களுக்கும் ஒன்று இருக்கிறது, கி.பி. 1997இல் வைத்தது.