ஹே வெய்னும் ராயக்கோட்டை மலையும்

வணக்கம் ஐயா,

காவேரிப்பட்டணத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஒன்றரை வருடமாக ஆயில் பெயின்டிங் பழகுகிறேன், சொல்லித்தர ஆள் இல்லை. ஆங்கிலேய நிலக்காட்சி ஓவியர் ஜான் கான்ஸ்டபிளின் 'தி ஹே வெய்ன்' (வைக்கோல் வண்டி) ஓவியத்தை போனில் பார்த்து மூன்றாவது தடவையாக வரைகிறேன். மரமெல்லாம் ஒரே பச்சைப் பிண்டமாக வந்து நிற்கிறது. என் தம்பி, "அடுத்தவங்க படத்தைப் பார்த்துப் போடறதுக்கு எதுக்கு இவ்வளவு பாடு, நம்ம மலையைப் போய் வரையலாமேக்கா" என்கிறான். நகலெடுப்பதை விட்டுவிடலாமா?

ச., காவேரிப்பட்டணம்

அன்புள்ள ச.,

விட வேண்டாம். தம்பி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

கான்ஸ்டபிளே நகலெடுத்துப் படித்தவர்தான். 1823இல் ஜார்ஜ் போமான்ட் என்ற நண்பரின் மாளிகையில் வாரக்கணக்கில் தங்கி, அங்கிருந்த, பதினேழாம் நூற்றாண்டு ஓவியர் க்ளாட் லொரெய்னின் நிலக்காட்சிகளை உட்கார்ந்து நகலெடுத்தார். அப்போது அவருக்கு வயது 47, 'ஹே வெய்ன்' முடித்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. அந்த வயதிலும் அவர் வெட்கப்படவில்லை, நீங்கள் ஏன் தயங்க வேண்டும்?

சரி, பச்சைப் பிண்டம். நானும் முதல் நகலில் இரண்டு மாதம் மெல்லிய பிரஷ்ஷால் இலை இலையாக வரைந்தேன், மரம் வரவே இல்லை. முடிந்த ஓவியத்தைப் பார்க்கும்போது எது முதலில் வந்தது, எது கடைசியில் வந்தது என்பது தெரிவதில்லை, நாமோ கடைசியில் வந்ததைத்தான் முதலில் போடப் பார்க்கிறோம். அதனால் உங்களுக்கு ஒன்று சொல்கிறேன்: 'ஹே வெய்ன்' வேண்டாம், அதன் முன்வரைவை நகலெடுங்கள். ஆறடி அகலமுள்ள அந்த ஓவியத்துக்கு, ஏறக்குறைய அதே அளவில் எண்ணெய் வண்ணத்திலேயே ஒரு முன்வரைவு செய்தார் கான்ஸ்டபிள். அது லண்டனில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கிறது, படம் இணையத்தில் கிடைக்கும். அடியில் பூசிய பழுப்பு பல இடங்களில் அப்படியே தெரியும், மரம் என்றால் இருட்டு ஒரு திட்டு, வெளிச்சம் ஒரு திட்டு, அவ்வளவுதான். அவர் யோசித்த வரிசை அங்கே திறந்து கிடக்கிறது.

நீங்களும் கேன்வாஸில் பர்ன்ட் சியன்னாவை டர்பன்டைனில் கரைத்து மெல்லியதாகப் பூசிக் காயவிடுங்கள், நம் பக்கத்துச் செம்மண் மாதிரி இருக்கும். போனில் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, இருட்டு எங்கே வெளிச்சம் எங்கே என்று மட்டும் முதலில் போடுங்கள். அதற்கப்புறம்தான் நிறம். கீழ்ப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேலே போகப் போகக் கூடுதலாகவும் இருக்கட்டும், மாற்றிச் செய்தால் காய்ந்தபின் வெடிக்கும். டியூபில் வரும் பச்சையை மூன்று மாதம் தொடாதீர்கள். அல்ட்ராமரின் நீலம், யெல்லோ ஓக்கர், ஒரு எலுமிச்சை மஞ்சள், அந்த பர்ன்ட் சியன்னா, வெள்ளை, இவற்றிலேயே கலந்து பாருங்கள். கான்ஸ்டபிளின் புல்வெளிப் பச்சை ஏன் அவ்வளவு உயிரோடு இருக்கிறது என்பதற்கு, அது பல வேறு பச்சைகள் சேர்ந்தது என்று அவரே சொன்ன காரணத்தை பிரெஞ்சு ஓவியர் தெலக்ருவா தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். உங்கள் ஊர் மாந்தோப்பில் இதை நேரிலேயே பார்க்கலாம்: செம்பு நிறத் தளிர், கறுத்த முதிர் இலை, நடுவில் மஞ்சளோடிய பச்சை. அப்புறம், ஹே வெய்னில் குதிரைகளின் சேணத்தில் இருக்கும் அந்தச் சின்னச் சிவப்பை விரலால் மறைத்துப் பாருங்கள், சுற்றியுள்ள பச்சை எல்லாம் மங்கிவிடும்.

இப்போது தம்பிக்கு. 1792இல் ஆங்கிலேய ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் பாராமகால் (நம் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்தின் பழைய பெயர்) வழியாக வந்து ராயக்கோட்டையை வரைந்தார்கள், அது அச்சுப்படமாக வெளியாகியிருக்கிறது. முன்வரைவு முடிந்ததும் அதை எடுத்து எண்ணெய் வண்ணத்தில் நகலெடுங்கள். அச்சுப்படத்தின் நிறம் மெல்லியது, உங்களுக்குப் போதாது, நிறத்தை நீங்களே முடிவுசெய்ய வேண்டிவரும். பிரெஞ்சு ஓவியர் மிய்யேவின் படங்களைக் கறுப்பு வெள்ளை அச்சிலிருந்து நகலெடுத்தபோது வான்கோவும் அதைத்தான் செய்தார். பிறகு தம்பியையும் கூட்டிக்கொண்டு அந்த மலைக்கு எதிரே போய் உட்காருங்கள். காலை எட்டு மணிக்கு முன்னால் போய்விடுங்கள், வெயில் ஏறினால் பாறையின் நிழல் சுருங்கிவிடும்.