இலை டீயில் நிறம் வரவில்லை என்றால் அது போலியா?

பல்லடம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "போன மாதம் ஊட்டி போயிருந்தோம். டிரைவர் கூட்டிப்போன கடையில் 'ஃபேக்டரி விலை, ஆரஞ்சு பீக்கோ' என்று சொல்லி ஒரு கிலோ இலை டீ கொடுத்தார்கள். அங்கே குடித்த டீ அருமை. வீட்டில் எப்போதும் போல ஒரு ஸ்பூன் போட்டு, பாலும் ஊற்றிக் கொதிக்க வைத்தால் நிறமே வரவில்லை. இன்னும் கொதிக்கவிட்டால் கசக்கிறது. சர்க்கரை வியாதி என்பதால் வீட்டுக்காரருக்குப் பால் இல்லாமல் போடுவேன். அதில் மேலே எண்ணெய் மாதிரி ஏடு மிதக்கிறது. போலியா? தூக்கிப் போட்டுவிட்டு டீ பேக் வாங்கு என்கிறார் மாமியார்."

தூக்கிப் போட்டுவிடாதீர்கள் அம்மா. நீங்கள் ஏமாந்திருந்தால் அநேகமாக விலையில்தான் ஏமாந்திருப்பீர்கள். டீ தப்பில்லை, போட்ட விதம்தான் தப்பு.

நம் வீடுகளில் வழக்கமாக வாங்குவது சிடிசி டஸ்ட். இலையை மிஷினில் நசுக்கி, கிழித்து, சுருட்டி மணி மணியாக எடுப்பது. பாலில் கொதித்தாலும் சட்டென்று சாறு இறங்கும். 'டஸ்ட்' என்றால் தரையில் கூட்டிய குப்பை என்று பலர் நம்புகிறார்கள். சல்லடையில் கீழே இறங்கும் சன்ன ரகத்துக்கு அதுதான் பெயர், அவ்வளவுதான். ஆரஞ்சு பீக்கோவும் அப்படியே. அது இலையின் அளவைக் குறிக்கும் ரகப் பெயர், ஆரஞ்சுப் பழத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

உங்கள் இலை டீ கிழிக்காமல் உருட்டிக் காயவைத்தது. புஸ்ஸென்று இடத்தை அடைத்துக்கொள்ளும். டஸ்ட் ஒரு ஸ்பூன் எடுத்தால் வரும் எடை இதில் ஒரு ஸ்பூனுக்கு வராது. போதாக்குறைக்குப் பாலோடு சேர்த்துப் போட்டால் சாறு இறங்குவதும் மட்டுப்படும். நிறம் எங்கிருந்து வரும்?

இப்படிச் செய்யுங்கள். ஒரு பெரிய டம்ளர், அதாவது 200 மில்லி தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணையுங்கள். இலை டீயைக் குவித்து ஒன்றரை ஸ்பூன் போட்டு மூடி வையுங்கள். நாலு நிமிடம், மிஞ்சினால் ஐந்து. வடிகட்டி, காய்ச்சிய பாலைத் தனியாகக் கொஞ்சமாக விடுங்கள். இலை டீயை எந்தக் காலத்திலும் அடுப்பில் கொதிக்கவிடாதீர்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்கே தண்ணீரே சுமார் 93 டிகிரியில் கொதித்துவிடுகிறது. இலைக்கு அந்தச் சூடே தாராளம்.

முப்பது வருஷம் குன்னூரில் டீ ருசி பார்த்து வயிறு வளர்த்தவன் நான். ருசி பார்க்கும் மேஜையில் 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் போட்டு 6 நிமிடம் ஊறவைப்பது முறை. அது குறை கண்டுபிடிக்கப் போடும் டீ, மனுஷன் குடிக்க அல்ல. வீட்டில் அதில் பாதி போதும்.

ஆனாலும் நம்ம ஊர்க் கெட்டிப் பால் டீ இதில் வராது. மாமியாருக்கு டஸ்ட்டையே கொதிக்க வையுங்கள். அடுப்பை அணைத்ததும் இந்த இலையில் ஒரு சிட்டிகை போட்டு இரண்டு நிமிடம் மூடி வைத்தால் வாசம் தூக்கும். கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை போடுகிற வீடாக இருந்தால், இறக்கிய பிறகு கலக்குங்கள். கொதிக்கும்போது போட்டால் பால் திரிந்துவிடும்.

அடுத்தது அந்த ஏடு. அது எண்ணெயும் இல்லை, கலப்படமும் இல்லை. உங்கள் போர் தண்ணீர். பல்லடம் பக்கம் ஆழ்குழாய்த் தண்ணீரின் உப்பை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, உங்கள் குக்கரின் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும். அந்தச் சுண்ணாம்புச் சத்து டீயோடு சேர்ந்து மேலே ஏடு கட்டும், நிறத்தை மங்கவைக்கும், வாசத்தைத் தின்னும். சிறுவாணி குடிக்கிற கோயமுத்தூர்க்காரருக்கு இந்தத் தொல்லை தெரியாது. டீக்கு மட்டும் குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீரையோ ஆர்.ஓ. தண்ணீரையோ எடுங்கள். வீட்டுக்காரர் டம்ளரில் நாலு சொட்டு எலுமிச்சை விட்டாலும் ஏடு கலைந்துவிடும். மலையில் ருசித்த டீ வீட்டில் ருசிக்காததற்குப் பாதிக் காரணம் இதுதான். மீதிப் பாதி, அங்கே குடிக்கக் கொடுத்ததும் பொட்டலம் கட்டியதும் ஒரே டீ என்று நீங்கள் நம்பியது.

இப்போது நான் நிஜமாகவே சொல்ல வந்த விஷயம். 'நிறம் வந்தால் நல்ல டீ' என்ற நம் நினைப்பை வைத்துத்தான் ஒரு கூட்டமே பிழைக்கிறது. ஃபேக்டரியில் கழியும் நார், தரையில் கூட்டி அள்ளியது எல்லாம் டீக் கழிவு. அதைத் திரும்ப டீயாக விற்கக்கூடாது என்பதற்காக 1959-லேயே தேயிலைக் கழிவுக் கட்டுப்பாட்டு ஆணை போட்டார்கள். அதே கழிவுக்குச் சாயம் ஏற்றி மூட்டையில் விற்கிறார்கள். அதிகாரிகள் பிடிக்கிறார்கள், மூட்டைகளோடு நின்று படம் எடுக்கிறார்கள், பேப்பரில் வருகிறது. அப்புறம்? கொஞ்ச நாள் கழித்து இன்னொரு குடோன், இன்னொரு படம். சட்டத்துக்கு அறுபது வயது தாண்டிவிட்டது, நமக்குத்தான் சலிக்கவே மாட்டேன் என்கிறது.

சந்தேகம் இருந்தால் வெள்ளைக் காகிதத்தை நனைத்து அதன்மேல் கொஞ்சம் டீத்தூளைத் தூவி, சிறிது நேரத்தில் தட்டிவிட்டுப் பாருங்கள். சாயம் ஏற்றியதென்றால் கறுப்பும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். பச்சைத் தண்ணீர் டம்ளரில் போட்டும் பார்க்கலாம். சாயமானால் போட்டவுடன் கோடு கோடாக நிறம் இறங்கும். ஆனால் ஒன்று, அவசரப்பட்டுக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போய்விடாதீர்கள். நல்ல சிடிசி டஸ்ட்டும் பச்சைத் தண்ணீரில் மெதுவாக நிறம் விடும். அது சன்னமானது, விடத்தான் செய்யும். பத்து நிமிடம் கழித்து வந்து பார்த்துவிட்டுப் 'போலி' என்று கத்தும் ஆட்களை நான் நிறையப் பார்த்தாயிற்று. போட்ட முதல் அரை நிமிடத்தைத்தான் பார்க்க வேண்டும். அதுவும் புதுத் தூளில், ஒரு தடவைக்கு இரண்டு தடவை. உங்கள் இலை டீ கொதித்தும் நிறம் விடவில்லை என்கிறீர்களே, அதில் சாயம் இல்லை என்பதற்கு அதுவே அத்தாட்சி.

டிரைவர் நிறுத்தும் கடையில் டிரைவருக்குக் கமிஷன் உண்டு, அது உங்கள் பில்லில் இருக்கிறது. ஒரு கிலோ டீக்கு நாலரை கிலோ போலப் பச்சை இலை வேண்டும். அந்த இலைக்குக் கட்டுப்படியான விலை கேட்டு 2023-இல் கோத்தகிரிப் பக்கம் விவசாயிகள் உண்ணாவிரதமே இருந்தார்கள். நடுவில் நிற்பவன் மட்டும் பட்டினி கிடந்ததாகக் கேள்விப்பட்டதில்லை. பாக்கெட்டில் பேக்கிங் தேதி, முகவரி, 14 இலக்க உணவு லைசென்ஸ் எண், மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் தொடாதீர்கள். மலையில் தமிழக அரசின் டான்டீ கடை இருக்கிறது, கூட்டுறவு ஃபேக்டரிகளின் இன்கோசர்வ் இருக்கிறது. அவர்களின் ஊட்டி டீ நம் ரேஷன் கடைக்கே வருகிறது. ரேஷன் டீ என்றதும் முகம் சுளிக்கிறோம், டிரைவர் காட்டினால் கிலோக் கணக்கில் அள்ளுகிறோம்.

டீ பேக் வசதிக்கு நல்லது, ருசிக்கு அல்ல. உள்ளே இருப்பது பெரும்பாலும் சன்னத் தூள், பைக்கு 2 கிராம் போல. வாங்கினால் காகிதப் பை வாங்குங்கள். பளபளக்கும் பிளாஸ்டிக் வலைப் பைகள் வெந்நீரில் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் துகள்களை ஏராளமாக விடுகின்றன என்று கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தார் 2019-இல் காட்டினார்கள். பையை முதலில் வெந்நீரில் மூன்று நிமிடம் விடுங்கள், பாலில் நேராக முக்காதீர்கள்.

இருக்கும் ஒரு கிலோவை எவர்சில்வர் டப்பாவில் இறுக மூடி வையுங்கள். பெருங்காயம் இருக்கும் அலமாரியில் மட்டும் வேண்டாம்.