ஓட்டேரி நல்லாவை வளைப்பது – கடிதம்

அன்புள்ள ஐயா,

கொருக்குப்பேட்டையில் இருக்கிறேன். சிவில் முடித்துவிட்டு ஒரு கன்சல்டன்சியில் மழைநீர் வடிகால் வேலை பார்க்கிறேன். ஓடைகளை கான்கிரீட் பெட்டியாக்காமல், இயல்பான வளைவும் மடுவுமாக மீட்டெடுக்கும் 'நேச்சுரல் சேனல் டிசைன்' பற்றித் தெரிந்துகொண்டதிலிருந்து வேறு நினைப்பே இல்லை. இந்த முறையைப் பரப்பிய அமெரிக்கர் டேவ் ராஸ்கனின் வகுப்புகள் நான்கு நிலைகளாக நடக்கின்றன. கடன் வாங்கி அமெரிக்கா போய்ப் படிக்கலாமா? எந்த மென்பொருளில் தொடங்குவது? வடசென்னையின் வடிகால் ஓடையான ஓட்டேரி நல்லாவை அப்படி மாற்ற முடியுமா? வீட்டில், "சாக்கடையைப் படிக்கவா இவ்வளவு செலவு" என்கிறார்கள்.

ரேவதி
(கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

அன்புள்ள ரேவதி,

எண்ணூர் முகத்துவாரத்தைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்திருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அதனால் பதில் அந்தப் பக்கம்தான் இழுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மென்பொருளா? ஆற்றில் நீர் ஓடுவதைக் கணக்கிடும் ஹெக்-ராஸ் இலவசம், இறக்கிக்கொள்ளுங்கள். வீட்டில் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். கடன் மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஆனால் ஓட்டேரி நல்லாவை 'அப்படி மாற்ற' என்று எழுதியிருக்கிறீர்களே, என்னம்மா இது? நான்கு பக்கக் கடிதத்தில் கொலராடோ வருகிறது, ராஸ்கனின் ஏ முதல் ஜி வரை வகைகள் வருகின்றன. நல்லாவின் அகலம் எத்தனை அடி, மழைக்காலத்தில் எந்தப் பாலத்தில் எதுவரை கறை படிகிறது என்று ஒரு வரி இல்லை. தினமும் பஸ்ஸில் அதைத் தாண்டித்தானே வேலைக்குப் போகிறீர்கள்?

ராஸ்கனைக் குறை சொல்லவில்லை. நதிகளை வகைப்படுத்தி அவர் 1994-ல் எழுதிய கட்டுரை, ஆறுகளைக் கூர்ந்து பார்க்கப் பலருக்குப் பழக்கிவிட்டது. கரை நிரம்பி வழியத் தொடங்கும் வெள்ளம்தான் ஆற்றுக்கு உருவம் கொடுக்கிறது, அது சராசரியாக ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை வரும், கெடாத ஒரு துண்டு ஆற்றை மாதிரியாக வைத்துக்கொண்டு கெட்டதைச் சரிசெய்யலாம் என்பது அந்தப் பள்ளி. அங்கேயே அது சறுக்கியிருக்கிறது. கலிஃபோர்னியாவில் உவாஸ் க்ரீக் என்ற ஓடையை 1995-ல் அழகான வளைவுகளோடு கட்டினார்கள். 1996 பிப்ரவரி வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போய்விட்டது. ஆற்று ஆய்வாளர் மாட் கொண்டால்ஃப் குழுவினர் பழைய ஆதாரங்களைப் பார்த்தபோது, அந்த ஓடை முன்பு மணலும் சரளையுமாகப் பல கிளைகளாகப் பிரிந்து ஓடியது என்று தெரிந்தது. கட்டியவர்கள் வரைந்த வளைவு அதற்குச் சொந்தமே இல்லை.

இனி நம் ஊருக்கு வாருங்கள். ஓட்டேரி நல்லா பேசின் பிரிட்ஜ் பக்கம் பக்கிங்காம் கால்வாயில் விழுகிறது. அந்தக் கால்வாயோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மனிதர் வெட்டியது, அதற்கு ஏது இயல்பான வளைவு? அது வடக்கே எண்ணூருக்குப் போகிறது. புழல் ஏரியின் உபரிநீர் சடையங்குப்பம் வழியாக அங்கேதான் வருகிறது. பூண்டி ஏரியில் திறந்துவிடுவதும் கொசஸ்தலையாற்றில் இறங்கி அதே வாயில்தான் கடலைத் தொடவேண்டும். மூன்றுக்கும் ஒரே வாசல். அந்த வாசலில் ஓதம், அதாவது கடல்நீர் மட்டம், ஏறி நிற்கும்போது மேலே நீங்கள் எத்தனை வளைவு வரைந்தாலும் தண்ணீர் நகராது. ஒன்றரை ஆண்டு வெள்ளம் என்று கணக்குப் போடுகிறீர்களே, இங்கே வெள்ளத்தின் அளவைப் பாதி தீர்மானிப்பது மதகைத் தூக்கும் கை. மீதியைத் தீர்மானிப்பது கடல்.

மண்ணுக்கும் இதே கதை. ஆற்றில் வரும் மண்ணின் அளவும் பருமனும் ஒரு தட்டில், நீரும் சரிவும் இன்னொரு தட்டில் என்று அமெரிக்கப் பொறியாளர் எமரி லேன் 1955-லேயே தராசு காட்டினார். கொசஸ்தலையாற்றின் மணலை 1944-ல் கட்டிய பூண்டி அணை மேலேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. கீழே வேறொன்று வந்து சேர்ந்தது.

எண்ணூர் காட்டுக்குப்பத்தில் என் சித்தப்பாவின் சிநேகிதர் ஒருவர், கையால் தடவி இறால் பிடிப்பவர். ஒருநாள் ஆற்றின் நடுவில் நின்றபடியே குனிந்து ஒரு கை அள்ளிக் காட்டினார். மேலே வெளிர்சாம்பல் நிறத்தில் மாவு போல ஒன்று, சேறு மாதிரி ஒட்டாமல் விரல் இடுக்கில் வழுக்கிக்கொண்டு போனது. அனல் மின் நிலையச் சாம்பல். இன்னும் ஆழமாகக் கைவிட்டபோதுதான் கறுப்புச் சேறும் உடைந்த சிப்பியும் வந்தன. "முன்ன இங்க கழுத்து முட்டும்பா. இப்ப முட்டியத் தாண்டல" என்றார். அந்த இடத்தின் குறுக்குவெட்டு அவர் உடம்பிலேயே இருந்தது. எந்தக் கட்டத்தில் குழி, எங்கே மேடு, எந்த வருஷம் தூர்ந்தது, எல்லாம். உங்கள் ராஸ்கன் வகுப்பில் நான்காம் நிலை முடித்தவரை அவர் பக்கத்தில் நிறுத்தினால் அவர்தான் பாடம் எடுப்பார்.

அதனால் நல்லாவை வரைவதற்கு முன்னால் வாசலைப் படியுங்கள். நல்லாவில் ஓர் அடி ஆழம் கூட்டினால் எண்ணூரில் என்ன ஆகும் என்று தெரியாதவர் அதன் கரையில் ஒரு கல்லைக்கூடத் தொடக்கூடாது என்பது என் பிடிவாதம். ஆபீஸில் மட்டம் அளக்கும் லெவல் கருவியும் ஸ்டாஃப் என்ற அளவுகோலும் சும்மா கிடந்தால் ஞாயிற்றுக்கிழமை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுப் பக்கத்து கேப்டன் காட்டன் கால்வாயில் தொடங்கலாம், பஸ் செலவு மிச்சம். ஓதத்தைப் பார்க்க அமாவாசையோ பௌர்ணமியோ ஒட்டி அத்திப்பட்டு பக்கம் பாலத்தில் நில்லுங்கள். ஏறும்போதும் வற்றும்போதும் இரண்டு தடவையும் அளக்கவேண்டும். தனியாகப் போகவேண்டாம், தம்பியையோ யாரையாவதோ கூட்டிக்கொள்ளுங்கள். அளந்ததை எனக்கு அனுப்புங்கள். படம் வேண்டாம், எண்கள் போதும்.