வாட்டர் வாஷ் ஷெட்டும் ஆயில் செப்பரேட்டரும்: கேள்வி பதில்

ஜேசிபி, கிரேன், லாரி கழுவும் இடங்களுக்கு ஆயில் செப்பரேட்டர், அதாவது கழுவிய தண்ணீரிலிருந்து ஆயிலைப் பிரிக்கும் தொட்டி, போட்டுக் கொடுப்பது என் தொழில். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். விலை மட்டும் கேட்காதீர்கள், இடத்தைப் பார்க்காமல் சொல்ல முடியாது.

மாதவரம்: ஜேசிபி வாடகைக்கு விடுகிறோம். மூன்று அறைத் தொட்டி கட்டியும் தண்ணீர் வெள்ளையாகக் கலங்கியே வெளியே வருகிறது சார். தொட்டி சின்னதா?

தொட்டியைக் குறை சொல்லாதீர்கள் தம்பி. மிதக்கக்கூடிய ஆயில் மேலே வரத் தொட்டி நேரம் கொடுக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. 150 மைக்ரான் (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துளி ஒரு மீட்டர் ஏற ஏறக்குறைய 12 நிமிடம் ஆகும். துளி 15 மைக்ரானாகச் சிறுத்தால் வேகம் நூறில் ஒரு பங்கு, அதாவது 20 மணி நேரம். அதுவரை தண்ணீர் உங்கள் தொட்டியில் நிற்காது. வெள்ளையாகத் தெரிவது அந்தச் சின்னத் துளிகள்தான்.

துளியைச் சிறுக்க வைப்பது சோப்பு, வெந்நீர், பிரஷர் கன். நாலாவதாக ஒன்று உண்டு, யாரும் கவனிப்பதில்லை: ஷெட் குழியிலிருந்து தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார். சாதாரண மோட்டாரின் விசிறி ஆயிலைக் கடைந்து கலக்கிவிடும். வாட்டம் கொடுத்துத் தானாக ஓட விடுங்கள். முடியாவிட்டால் டயாபிரம் பம்ப், அதில் விசிறி கிடையாது, ரப்பர் சவ்வு மெதுவாகத் தள்ளும்.

செலவில்லாத சோதனை ஒன்று. வண்டி கழுவி முடித்த கையோடு குழித் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து, ஒரு மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். அடியில் மணல், மேலே பழுப்புப் படலம், நடுவில் தெளிந்த தண்ணீர் என்றால் செப்பரேட்டர் போதும். நடுப்பகுதி டீ மாதிரியே நின்றால் எந்தத் தொட்டியும் உதவாது. முதலில் சோப்பை நிறுத்துங்கள், பிறகு பேசலாம்.

அம்பத்தூர்: இடம் குறைவு. பிளேட் செப்பரேட்டர் சரிவருமா?

வரும். சாய்ந்த பிளேட்டுகளுக்கு நடுவே துளி கொஞ்ச தூரம் ஏறினாலே போதும், அதனால் தொட்டி சிறியதாகும். ஆனால் சேறு அடைத்துக்கொள்ளும். முன்னால் மணல் தொட்டி வையுங்கள், அதை அடிக்கடி அள்ளவும் ஆள் வையுங்கள்.

வேளச்சேரி: பைக் சர்வீஸ். ஷாம்பு போட்டால் பரவாயில்லையா?

முதல் பதிலைப் படியுங்கள்.

மணலி: எவ்வளவு ஆயில் வரை வெளியே விடலாம்?

பொது விதிப்படி ஆறு, கால்வாய் போன்ற நீர்நிலைக்கு லிட்டருக்கு 10 மில்லிகிராம், பாதாளச் சாக்கடைக்கு 20. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உங்களுக்குத் தரும் கன்சென்ட் என்ற அனுமதியில் என்ன எழுதியிருக்கிறதோ, அதுதான் உங்களுக்குச் சட்டம். தெருவோர மழைநீர் வடிகால் பாதாளச் சாக்கடை அல்ல. அதில் விட்டால் நேரே கால்வாய்க்குப் போகும்.

கிண்டி, கெமிக்கல் விற்பவர்: எல்லாச் சோப்பையும் ஒரே தட்டில் வைக்கிறீர்கள். குயிக் ரிலீஸ் வகை சில நிமிடத்தில் ஆயிலை விட்டுவிடும்.

விடும், மறுக்கவில்லை. அளவாகக் கலந்து, வேறு சோப்பு சேராமல் இருந்தால்.

அவரே: அப்படிச் சொல்லித்தானே நாங்கள் விற்கிறோம்?

நீங்கள் சொல்வது முதலாளியிடம். ஷெட்டில் கழுவும் பையன் மூடியால் அளப்பதில்லை, குடத்தில் அப்படியே ஊற்றுகிறான். கிரீஸ் போகவில்லை என்றால் மேலே டீசல், அதற்கும் மேலே துணி சோப்புத் தூள். அந்தக் கலவையில் உங்கள் சரக்கு என்ன செய்யும்?

ஸ்ரீபெரும்புதூர்: நான் அதைத்தான் வாங்கினேன். முதல் மாதம் நன்றாக இருந்தது, அப்புறம் மறுபடி கலங்கல்.

பாருங்கள். கெமிக்கல்காரர் நண்பரே, சண்டை வேண்டாம். உங்கள் சரக்கை இவர் குழித் தண்ணீரில் கலந்து குலுக்கி, பாட்டிலில் வைத்துக் காட்டுங்கள். தெளிந்தால் நானே சிபாரிசு செய்கிறேன்.

அவரே: கலங்கினால் படிகாரம் போட்டால் தீர்ந்தது.

தெளியும். ஆனால் பிஹெச் (தண்ணீரின் அமில, கார அளவு) பார்க்க வேண்டும், படிகிற எண்ணெய்ச் சேறு தனிக் கழிவாகிறது, அதைத் தள்ளத் தனிச் செலவு. சோப்புக்கு ஒரு காசு, சோப்பை எடுக்க இன்னொரு காசு. இத்தோடு விடுவோம்.

எண்ணூர்: ஷெட்டுக்குக் கூரை அவசியமா?

அவசியம். 100 சதுர மீட்டர் திறந்த தரையில் ஒரு மணி நேரத்தில் 5 சென்டிமீட்டர் மழை கொட்டினால் 5,000 லிட்டர். அதுவரை சேர்ந்த ஆயிலையும் அள்ளிக்கொண்டு வெளியே போகும். 2023 டிசம்பரில், மிக்ஜாம் வெள்ளத்தோடு உங்கள் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதை நான் சொல்ல வேண்டியதில்லை. கூரையும் போடுங்கள், சுற்றிலும் மேடும் கட்டுங்கள்.

தாம்பரம்: தொட்டியைச் சுத்தம் செய்ய ஆளை உள்ளே இறக்கலாமா?

கூடாது. விஷ வாயு இருக்கும். உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுங்கள்.

திருவொற்றியூர்: எங்கள் ஷெட்டில் சோப்பு குறைவாகத்தான்...

பாட்டில் சோதனை செய்தீர்களா? செய்துவிட்டு வாருங்கள்.

மாதவரம்: மேலே அள்ளிய ஆயிலை என்ன செய்வது? கான்கிரீட் ஒட்டாமலிருக்க சென்ட்ரிங் ஷீட்டில் தடவக் கேட்கிறார்கள்.

கொடுக்காதீர்கள். 2016 அபாயகரக் கழிவு விதிகளில் அதுவும் சேரும். மூடிய பேரலில், கூரைக்குக் கீழே, 90 நாளுக்கு மேல் வைக்காமல், அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் மட்டும் கொடுங்கள். கழிவு கைமாறியதைக் காட்டும் படிவம் 10 நகலை வாங்கி ஃபைலில் வையுங்கள். ஆய்வுக்கு வந்தால் கேட்பார்கள்.