மூன்று மணி நேரம் பார்த்து என்ன கிடைத்தது? வாராந்திர மல்யுத்தம்: கேள்வி பதில்

பேச்சு பெரும்பாலும் டபிள்யூடபிள்யூஇ கம்பெனி வாராவாரம் நடத்தும் ரா நிகழ்ச்சியைப் பற்றி. கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். நிகழ்ச்சியை முழுதாகப் பார்த்துவிட்டுக் கேளுங்கள். இரண்டு நிமிடத் துண்டு வீடியோ பார்த்துவிட்டு ‘மேட்ச் மொக்கை’ என்று வருகிறவர்களுக்கு என்னிடம் பதில் கிடையாது.

கேள்வி: ஒரு வாரத்து ரா நன்றாக இருந்தது, இல்லை என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் சார்? மேட்ச் நன்றாக இருந்தால் போதாதா?

போதாது. வாராந்திர நிகழ்ச்சிக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. அடுத்த வாரம் நம்மை மறுபடி உட்கார வைக்க வேண்டும், வரப்போகும் பெரிய நிகழ்ச்சிக்கு ஆசையை வளர்க்க வேண்டும். அதனால் ஒவ்வொரு பகுதி முடிந்ததும் நான் கணக்குதான் பார்ப்பேன். கையில் இருந்ததில் எதைச் செலவழித்தார்கள், பதிலுக்கு என்ன வாங்கினார்கள்?

அப்போது ராவுக்கு எதிராகப் போட்டிக் கம்பெனி டபிள்யூசிடபிள்யூ நடத்திய நிகழ்ச்சி நைட்ரோ. அதில் 1998 ஜூலை 6-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அட்லாண்டாவின் ஜார்ஜியா டோமில் சுமார் 40,000 பேர். தோல்வியே காணாமல் வந்துகொண்டிருந்த கோல்ட்பெர்க், ஹல்க் ஹோகனைச் சாய்த்துப் பட்டம் வாங்கினார். அந்த இரவை மட்டும் பார்த்தால் முழு மதிப்பெண் போடலாம். ஆனால் ஜனங்கள் காசு கட்டிப் பார்க்கத் தயாராக இருந்த மேட்ச் அது. சில நாள் முன்னால் அறிவித்து, திங்கட்கிழமை ரேட்டிங்கில் ராவை முந்துவதற்காகச் சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். செலவு பெரிது, வரவு ஒரு வாரத்து ரேட்டிங்.

ஆறு மாதம் கழித்து, 1999 ஜனவரி 4. அதே ஜார்ஜியா டோம். கோல்ட்பெர்க்கும் கெவின் நாஷும் மறுபடி மோதுவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். கடைசியில் வந்து நின்றது ஹோகன். அப்போது பட்டம் வைத்திருந்த நாஷின் நெஞ்சை ஒரு விரலால் தொட்டார், நாஷ் மல்லாந்து விழுந்தார், பட்டம் கைமாறிவிட்டது. அதே இரவில் வர்ணனையாளர் டோனி ஷியவோனியை விட்டு, ‘எதிர் சேனலில் இன்று மிக் ஃபோலி பட்டம் வெல்லப்போகிறார்’ என்று கிண்டலாகச் சொல்ல வைத்தார்கள். ரா முன்கூட்டியே பதிவானது என்பதால் முடிவு தெரிந்திருந்தது. கேட்டவர்கள் சிரிக்கவில்லை, ஃபோலியைப் பார்க்கச் சேனலை மாற்றினார்கள். 2001 மார்ச் 26-ல் கடைசி நைட்ரோ. அந்த ஓர் இரவுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன், கோளாறுகள் நிறைய. ஆனால் கடன் எப்படி ஏறியது என்பதைப் பார்க்க அந்த இரண்டு இரவுகள் போதும்.

கேள்வி: எல்லாம் முன்கூட்டியே முடிவு செய்ததுதானே? பொய்யை எதற்கு விமர்சிக்க வேண்டும்?

1989-லேயே ராவை நடத்தும் கம்பெனியே நியூ ஜெர்சி மாகாணத்தில் இது போட்டி அல்ல, பொழுதுபோக்கு என்று ஒப்புக்கொண்டுவிட்டது. விளையாட்டு ஆணையத்தின் கண்காணிப்பும் வரியும் வேண்டாம் என்பதற்காக. ஆகவே நீங்கள் எந்த ரகசியத்தையும் உடைக்கவில்லை. துரியோதனன் தோற்பான் என்று தெரிந்துதான் பாரதக் கதை கேட்கிறோம். சொல்கிறவர் எப்படிச் சொல்கிறார் என்பதைத்தான் விமர்சிக்கிறேன்.

கேள்வி: விளம்பர இடைவேளைக்கு முன்னால் எப்போதும் ஒருவர் கயிற்றைத் தாண்டி வெளியே பாய்கிறாரே, தற்செயலா?

தற்செயல் இல்லை. நடுவரின் காதில் ஒரு சின்னக் கருவி இருக்கும். எத்தனை நிமிடம் பாக்கி, இடைவேளை எப்போது என்பதெல்லாம் அதன் வழியாக வரும், அவர் வீரர்களிடம் முணுமுணுப்பார். நாம் எழுந்து போய்விடாமல் இருக்க ஒரு பாய்ச்சல். திரும்பி வந்தால் வில்லன் நாயகனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருப்பார். அது இருவரும் மூச்சு வாங்குகிற நேரம்.

1993 ஜனவரியில் தொடங்கியபோது ரா ஒரு மணி நேரம்தான். 2012 ஜூலையில் மூன்று மணி நேரம் ஆயிற்று. நேரத்தை நிரப்பியாக வேண்டும் என்பதால் ஒரே அச்சில் வார்த்த மேட்சுகள் பெருகின. நான் கவனிப்பது ஒன்றுதான். இடைவேளைக்கு முன் நடந்ததற்கு, இடைவேளை முடிந்த பிறகு ஏதாவது மதிப்பு இருக்கிறதா? வெளியே விழுந்து முழங்கால் அடிபட்டவர், திரும்பி வந்ததும் துள்ளிக் குதித்தால் அந்த எட்டு நிமிடத்தை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

கேள்வி: எத்தனை நட்சத்திரம் கொடுப்பது என்று ஒரு வழிமுறை சொல்லுங்கள்.

நான் நட்சத்திரம் போடுவதில்லை. மேட்சுகளுக்கு நட்சத்திரம் போடும் மல்யுத்தப் பத்திரிகையாளர் டேவ் மெல்ட்சரின் கணக்கில் ஐந்துதான் உச்சம் என்று பலரும் நினைத்திருந்தோம். 2017 ஜனவரியில் ஜப்பானில் நடந்த ஒகாடா–ஒமேகா மேட்சுக்கு ஆறு போட்டார், அடுத்த வருடம் அதே இருவருக்கும் ஏழு. முழம்போடும் கை வளர்ந்துகொண்டே போனால் துணியை எப்படி அளப்பது?

கேள்வி: டேக் டீம் மேட்ச் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே, சலிக்கவில்லையா?

அச்சு ஒன்றுதான், ஒத்துக்கொள்கிறேன். ஜோடிக்கு ஜோடி மோதுவது, மூலையில் நிற்கும் கூட்டாளியின் கையைத் தொட்டால்தான் ஆள் மாறலாம். நாயகர்களில் ஒருவர் தவறான மூலையில் மாட்டுவார், இருவரும் சேர்ந்து மொத்துவார்கள், அவர் கையை நீட்டிக்கொண்டே ஊர்வார். கடைசி நொடியில் தொட்டுவிட்டால் மூலையில் காத்திருந்தவர் புயல் மாதிரி வருவார். ராக் அண்ட் ரோல் எக்ஸ்பிரஸ் ஜோடியில் ரிக்கி மார்ட்டன் அடி வாங்கிய அழகில், அந்த வேலைக்கே ‘ரிக்கி மார்ட்டனாக ஆடுவது’ என்று பெயர் வந்துவிட்டது. அச்சு பழையது என்பதால் குறை சொல்லாதீர்கள். தொடப் போகிற அந்த நொடியில் கூட்டம் எழுந்ததா என்று பாருங்கள். எழவில்லை என்றால், அடி வாங்கியவர் நம்மைக் கவலைப்பட வைக்கவில்லை என்று அர்த்தம்.

கேள்வி: இதெல்லாம் டூப்பு என்று தெரியாதா உங்களுக்கு?

மேலே பாருங்கள்.

கேள்வி: அண்ணா, போன வாரம் ஒரு சாதாரண மேட்சில் நான்கு ஃபினிஷர், நான்கிலும் கிக் அவுட். நான் எழுந்து நின்று கத்தினேன். நீங்கள் மட்டும் வீண் என்று எழுதினீர்கள். ஏன்?

கிக் அவுட் என்றால் நடுவர் மூன்று எண்ணுவதற்குள் தோளைத் தூக்கித் தப்பிப்பது. ஃபினிஷர் என்றால் மேட்சை முடித்துவைக்கும் அடி. அது முடிக்காது என்று வாராவாரம் காட்டினால், அதற்குப் பெயர் என்ன?

2009 ரெஸில்மேனியா 25, டபிள்யூடபிள்யூஇயின் வருடாந்திரப் பெரிய நிகழ்ச்சி. ஷான் மைக்கேல்ஸுக்கு அண்டர்டேக்கர் டூம்ஸ்டோன் போட்டார். வருடக்கணக்காக ஆட்களைப் புதைத்த அடி. மைக்கேல்ஸ் தோளைத் தூக்கினார். அப்போது அண்டர்டேக்கர் கண்ணை விரித்த பார்வை இருக்கிறதே, அந்த ஒரு பார்வைக்காகவே அந்த மேட்சை இன்னும் பேசுகிறோம். முன்னால் எத்தனையோ பேர் எழாமல் கிடந்ததால்தான் அந்தப் பார்வைக்கு விலை வந்தது. அல்லது கெனி ஒமேகாவின் ஃபினிஷரான ஒன் விங்ட் ஏஞ்சலை எடுங்கள். கோட்டா இபுஷி 2012-ல் அதிலிருந்து எழுந்தார் என்பதை ரசிகர்கள் வருடம் சொல்லி நினைவு வைத்திருக்கிறார்கள். சேமித்து வைத்தால்தான் அப்படி.

(இன்னொருவர் குறுக்கிட்டு): அப்படியானால் ரெஸில்மேனியா 17-ல் ஆஸ்டினும் ராக்கும்? ஒருவர் ஃபினிஷரை இன்னொருவர் திருடிப் போட்டு, மாறி மாறி எழுந்தார்கள். அதைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறீர்களே?

கொண்டாடுவேன். முதல் காரணம், அது வருடத்தின் மிகப் பெரிய இரவில் கடைசி மேட்ச். இரண்டாவது, அங்கே ஒவ்வொரு கிக் அவுட்டும் கதையை நகர்த்துகிறது. ராக் விழ மறுக்க மறுக்க ஆஸ்டினுக்கு வெறி ஏறுகிறது. சொந்த மாகாணமான டெக்சாஸில், தன்னையே தெய்வமாகக் கும்பிடும் கூட்டத்தின் முன்னால், ஜென்ம விரோதியான கம்பெனி முதலாளி வின்ஸ் மெக்மேனின் உதவியை வாங்குகிறார், நாற்காலியால் அடித்துத் தள்ளுகிறார். ராக் எழுந்திருக்காவிட்டால் ஆஸ்டின் அந்த இடத்துக்குப் போயிருக்க மாட்டார். போன வார மேட்சில் அந்த நான்கு கிக் அவுட் யாரை எங்கே கொண்டுபோயிற்று, சொல்லுங்கள்.

(முதலில் கேட்டவர்): அப்போ வாராந்திர நிகழ்ச்சியில் பெரிய மேட்சே கூடாதா அண்ணா? 2007-ல் லண்டனில் ஜான் சீனா–மைக்கேல்ஸ் மேட்ச் நடந்ததும் ராவில்தானே? கிட்டத்தட்ட ஒரு மணி நேரம்!

மாட்டிக்கொண்டேன். அது எனக்கும் உயிர். ஆனால் கணக்கைப் பாருங்கள். அதே வருடம் ஏப்ரல் முதல் தேதி ரெஸில்மேனியாவில் சீனா ஜெயித்தாகிவிட்டது. அந்த மோதலின் பெரிய காசு ஏற்கெனவே வசூலானது. மூன்று வாரம் கழித்து மைக்கேல்ஸ் பழி தீர்த்தார், சூப்பர் கிக்கில் முடிந்தது. கையில் மீதி இருந்ததை வைத்து ஒரு மணி நேரம் கட்டிப்போட்டார்கள். வாராந்திர நிகழ்ச்சியில் பெரிய மேட்ச் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நேரத்தைச் செலவழிக்கட்டும். ஃபினிஷரைச் செலவழிக்க வேண்டாம் என்கிறேன்.

(குறுக்கிட்டவர் மறுபடி): காலம் மாறிவிட்டது சார். இப்போதைய கூட்டம் பொறுமையாக உட்காராது.

1999-லும் இதையேதான் சொன்னார்கள். சரி, மற்றவர்களும் காத்திருக்கிறார்கள். இதற்கு அப்புறம் வருகிறேன்.

கேள்வி: அண்ணா, பைல்டிரைவர் எப்படிப் போடுவது? நானும் நண்பனும் மெத்தையில் செய்து பார்க்கப்போகிறோம்.

தம்பி, வேண்டாம். எதிராளியைத் தலைகீழாகப் பிடித்துத் தலையைத் தரையில் இறக்குகிற அடி அது. 1997 ஆகஸ்ட் 3, சம்மர்ஸ்லாம். போட்டவர் ஓவன் ஹார்ட், வாங்கியவர் ஸ்டீவ் ஆஸ்டின். இருவரும் தொழிலில் கரைகண்டவர்கள். உட்கார்ந்தபடி போடுகிற வகையில் ஆஸ்டினின் தலை சில அங்குலம் கீழே இருந்துவிட்டது, அவ்வளவுதான். கை கால் அசையாமல் கிடந்தார். தட்டுத்தடுமாறி மேட்சை முடித்தார், ஆனால் கழுத்து பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. ஒருவர் எடையை இன்னொருவர் தாங்க வருடக்கணக்கில் பழகுகிறார்கள், மெத்தை அந்த வேலையைச் செய்யாது. விமர்சனம் எழுதிப் பழகு, அதில் கழுத்து ஒடியாது.

கேள்வி: டபிள்யூடபிள்யூஎஃப் ஏன் இப்போது வருவதில்லை?

வருகிறது. 2002-ல் காட்டுயிர்களைக் காக்கும் உலக நிதியத்தோடு நடந்த வழக்குக்குப் பிறகு டபிள்யூடபிள்யூஇ ஆயிற்று.

கேள்வி: ஒரு வீடியோவில் ஒருவர் கயிற்றில் கால் வழுக்கி விழுந்தார். பாட்ச், அதாவது தவறு, நடந்தால் எத்தனை மதிப்பெண் குறைப்பீர்கள்?

முழு மேட்சையும் பார்த்தீர்களா? ‘ஒரு வீடியோ’ என்றால் எனக்குப் பதில் தெரியும். துண்டு வீடியோ என்பது வழுக்கியதை மட்டும் வெட்டி எடுப்பது. அதற்குப் பிறகு என்ன செய்தார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

2018 நவம்பரில் ஒரு ரா. கூட்டமாக அடித்துக்கொள்ளும்போது நியா ஜாக்ஸின் குத்து நிஜமாகவே விழுந்து பெக்கி லிஞ்சுக்கு மூக்கு உடைந்தது. தொழில் கணக்கில் அது தவறு. லிஞ்ச் முகமெல்லாம் ரத்தத்தோடு கூட்டத்தின் நடுவே போய்க் கையை விரித்து நின்றார். அடுத்த ஏப்ரலில் ரெஸில்மேனியாவின் கடைசி மேட்சில் இருந்த மூன்று பெண்களில் அவரும் ஒருவர், ஜெயித்ததும் அவர்தான். அந்தத் தவறுக்கு எத்தனை மதிப்பெண் குறைக்கச் சொல்கிறீர்கள்? அடிபட்டவரைப் பார்த்து நடுவர் இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்காகப் பிடித்தால் மட்டும் விமர்சனத்தை நிறுத்துங்கள். அது நிஜக் காயத்துக்கான சைகை.

கேள்வி: தொடக்கத்தில் இருபது நிமிடம் பேசுகிறார்களே, அதை எப்படி மதிப்பிடுவது?

மைக்கைப் பிடித்தவர் பேசி முடித்த பிறகு, அவருக்கு என்ன வேண்டும் என்று ஒரு வரியில் உங்களால் சொல்ல முடிகிறதா? முடிந்தால் தேறினார். வந்த ஊரைத் திட்டி, அந்த ஊர் விளையாட்டு அணியைத் திட்டிக் கூட்டத்தை ஊளையிட வைப்பது மலிவான வேலை, அதற்கு நான் எதுவும் தருவதில்லை. 2011 ஜூன் 27-ல் சிஎம் பங்க் மேடையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து பேசியதைப் பாருங்கள். சில நிமிடம்தான், கடைசியில் மைக்கையே அணைத்தார்கள். பட்டம் வேண்டும், அதை எடுத்துக்கொண்டு கம்பெனியை விட்டுப் போக வேண்டும். ஒரே வரி. ஒரு வாரத்துக்குள் எல்லோருக்கும் அந்த மேட்ச் வேண்டியிருந்தது.

கேள்வி: அண்டர்டேக்கர் நிஜமாகவே செத்துப் பிழைத்தவரா? இரண்டு பேர் இருந்தார்களாமே?

1994 சம்மர்ஸ்லாமில் இரண்டு பேர் இருந்தார்கள். இன்னொருவர் பிரையன் லீ. சாகவில்லை.

கேள்வி: இது நிஜமா, பொய்யா என்று ஒரே வார்த்தையில் சொல்லவும்.

மேலே. இரண்டு இடத்தில்.

கேள்வி: மேட்சின் நடுவில் மூன்றாமவர் ஓடி வந்து முடிவைக் கெடுக்கிறாரே, அதுவும் நல்லதா?

மாதம் ஒருமுறை மருந்து, வாரம் மூன்று முறை விஷம். ஓடி வந்தவருக்கு அடுத்த வாரம் விளைவு இருந்தால் பொறுத்துக்கொள்வேன். பட்டம் வைத்திருக்கிறவர் தோற்கக் கூடாது, எதிராளியும் தோற்கக் கூடாது என்று மூளையைக் கழற்றி வைத்துவிட்டு எழுதிய முடிவென்றால் அந்தப் பகுதிக்குப் பூஜ்யம்.

(முதலில் கேட்டவர், திரும்ப): அண்ணா, அந்த நான்கு கிக் அவுட் மேட்சை இப்போது மறுபடி பார்த்தேன். இரண்டாவதுக்கு அரங்கமே எழுந்தது. நான்காவதுக்குப் பாதிப் பேர் உட்கார்ந்தே இருந்தார்கள்.

நீங்கள் எழுந்து நின்று கத்தியதாகச் சொன்னீர்களே?

(அவரே): கத்தினேன். ஆனால் முதல் தடவை பார்த்தது கடைசி மூன்று நிமிடம் மட்டும்தான். யாரோ அனுப்பிய வீடியோ.

இன்றைக்கு இது போதும். மற்ற கேள்விகளை அடுத்த ரா முடிந்ததும் பார்க்கலாம்.