சுரங்கம் மூடிய மலையில் புல் மட்டும் ஏன்?

கேள்வி: மகளைப் பார்க்க அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்துக்குச் சென்றிருந்தேன். சுற்றிலும் அடர்ந்த காடு இருக்க, நிலக்கரியை வெட்டியெடுத்து மூடிய மலைகளில் மட்டும் புல்லும் புதருமே தெரிந்தன. மூடி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறதாம். மண் நஞ்சாகிவிட்டதா?
– வாசகர், விருத்தாசலம்

பதில்: பெரும்பாலான இடங்களில் குறை நஞ்சில் இல்லை; மண்ணை இறுக்கியதில்தான் இருக்கிறது. திறந்தவெளிச் சுரங்கங்களுக்காக அமெரிக்கா 1977இல் ஒரு சட்டம் இயற்றியது. வெட்டிய மலையை ஏறத்தாழ அதன் பழைய வடிவத்துக்கே கொண்டுவர வேண்டும், மண் சரியக்கூடாது, விரைவில் பசுமை மூட வேண்டும் என்று அது கட்டளையிட்டது. அதுவரை சரிந்த மண் ஓடைகளில் போய் அடைத்துக்கொண்டிருந்ததால், அந்தச் சட்டம் மிகவும் தேவையானதே. ஆனால் சரிவைத் தடுக்க வேண்டுமென்ற கவலையில், புல்டோசர்களைத் திரும்பத் திரும்ப ஓட்டி நிலத்தைக் களம்போல் மெழுகிவிட்டார்கள்; அதன்மேல் ஃபெஸ்கியூ புல்லையும் லெஸ்பெடெசா என்ற பயறுவகைச் செடியையும் அடர்த்தியாக விதைத்தார்கள்.

அத்தகைய நிலத்தில் கன்று நடக் குழி தோண்டினால் கடப்பாரை கல்லில் பட்டதுபோல் துள்ளும். குழிக்குள் இறங்கிய வேர் பக்கச் சுவரில் முட்டி, தொட்டிச் செடியின் வேரைப் போலச் சுருண்டுகொள்ளும். மழைநீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடும். இறங்கிய சிறிதளவையும் புல் முந்திக்கொண்டு குடித்துவிடும். போதாக்குறைக்கு, அந்தப் புல்லுக்குள் ஒளிந்திருக்கும் எலிகள் கன்றின் பட்டையைக் கடித்துவிடும். இவ்வளவையும் மீறி ஓக் கன்று ஒன்று பிழைப்பது அரிது. சட்டத்துக்கு முன்பு தளர்வாகக் கொட்டி அப்படியே விடப்பட்ட மேடுகள் சிலவற்றில் நல்ல மரங்கள் வளர்ந்திருந்ததைக் கண்ட பிறகுதான் வனவியலாளர்களுக்கு விஷயம் பிடிபட்டது.

2004இல் அமெரிக்க நடுவண் அரசின் சுரங்க அலுவலகமும் கென்டக்கி உள்ளிட்ட அப்பலாச்சிய மலைத்தொடர் மாநிலங்களும் சேர்ந்து புதிய முறையொன்றைப் பரப்பத் தொடங்கின. மேல்மண்ணையோ, வெயிலிலும் மழையிலும் பதப்பட்ட பழுப்பு மணற்பாறைத் துகளையோ குறைந்தது 4 அடி ஆழத்துக்குத் தளர்வாகக் கொட்டி, புல்டோசரை ஓரிரு முறைக்கு மேல் ஓட்டாமல், மேடுபள்ளமாகவே விட்டுவிடுகிறார்கள். புல்லை மிதமாக விதைக்கிறார்கள். ஓக் போன்ற நெடுங்கால மரங்களோடு, மண்ணில் தழைச்சத்தைச் சேர்க்கும் மரங்களையும் பறவைகளை வரவழைக்கும் சிறு மரங்களையும் கலந்து நடுகிறார்கள். பார்வைக்குக் கரடுமுரடாகத் தெரியும் அந்த நிலத்தில்தான் மழைநீர் தங்குகிறது. காற்று கொண்டுவரும் விதையும் அங்கேதான் ஒண்டிக்கொள்கிறது.

நீங்கள் பார்த்ததைப் போன்ற பழைய புல்மலைகளையும் மீட்க முடியும். புல்டோசரின் பின்புறம் பொருத்திய நீண்ட எஃகுக் கொழுவால் 3, 4 அடி ஆழத்துக்குக் கிழித்து, அந்தக் கீறல்களில் ஏறத்தாழ 8 அடிக்கு ஒரு கன்றாக நடுகிறார்கள். 1904இல் நியூயார்க்கில் கண்டறியப்பட்ட பூஞ்சை நோயால் அழியும் நிலைக்கு வந்த அமெரிக்கச் செஸ்ட்நட் மரத்தின் நோய்தாங்கும் கலப்பினக் கன்றுகளையும் இத்தகைய நிலங்களில் நட்டு வருகிறார்கள்.